பேட்டரியைக் கழற்றிய பிறகும் 4 ஆம்பியர்: சின்ன விமானத்தில் ஹால் சென்சார்

வல்லம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கிச் சொல்கிறேன். பறக்கும் காலம் முடிந்துபோன இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்று அவர்கள் கல்லூரியில் நிற்கிறது. 14 வோல்ட் சிஸ்டம், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தருகிற 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அவ்வப்போது தரையிலேயே எஞ்சினை ஓட்டுவார்கள். ஷண்ட் (ஓட்டத்தின் வழியில் போடுகிற மிகச் சின்னத் தடை) வைத்த பழைய ஆம்மீட்டர் ஏற்கெனவே அதில் இருக்கிறது. புராஜெக்டுக்காக இவர்கள் காந்தப்புலத்தை உணர்கிற ஹால் சென்சார் வைத்து ஆம்பியரைத் திரையில் காட்டப் பார்க்கிறார்கள். முதலில் வாங்கியது ஏசிஎஸ்712 என்ற 30 ஆம்பியர் சிப் வைத்த சின்ன போர்டு. லேபில் பூஜ்யம் சரியாக இருந்தது. விமானத்தில் வைத்ததும் ஒன்றும் ஓடாதபோதே 0.8 ஆம்பியர் காட்டியது, மதியத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அடுத்து, நடுவில் ஓட்டையுள்ள 100 ஆம்பியர் வளைய சென்சார் ஒன்றை இரவல் வாங்கி பேட்டரி கேபிளில் மாட்டினார்கள். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்வரை ஒழுங்காக இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 2, 3 ஆம்பியரில் நின்றுவிட்டது. 'ஹால் சென்சார் என்றால் காலிபரேஷனே வேண்டாம் என்றார்களே சார், எங்கே தப்பு? பேசாமல் ஷண்டையே வைத்துக்கொள்ளலாமா?' இதுதான் கேள்வி.

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் சின்ன விமானங்களில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன். இப்போது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை நானே செய்துமிருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹால் சென்சாருக்கு ஆம்பியர் என்றால் என்னவென்றே தெரியாது. தன் இடத்தில் எவ்வளவு காந்தப்புலம் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தப் புலம் உங்கள் கம்பியிலிருந்து வந்ததா, பக்கத்துக் கம்பியிலிருந்தா, பூமியிலிருந்தா, தன்னைச் சுற்றியிருக்கிற இரும்பில் நேற்று ஒட்டிக்கொண்டதா என்று அது பிரித்துப் பார்க்காது. ஆம்பியர் என்று பெயர் வைப்பது நாம்தான். நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் இதிலேயே விடை இருக்கிறது.

போன குறுவைக்கு முன்னால் நடந்தது. பக்கத்து வயல்காரரின் டிராக்டர் காலையில் கிளம்பவில்லை, பேட்டரி தானாக இறங்குகிறது என்றார். போர் மோட்டார் பார்க்கிற எலக்ட்ரீஷியன் பையன் டாங் டெஸ்டரை எடுத்துவந்து பேட்டரி கேபிளைக் கவ்வ வைத்தான். ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கிறது, மீட்டரில் 0.0. 'மீட்டர் செத்துப்போச்சு மாமா' என்றான். மீட்டர் சாகவில்லை. மோட்டார் கொட்டகையில் அவன் தினமும் பயன்படுத்துகிற டாங் டெஸ்டர் உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் அதன் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பேட்டரியின் டிசியில் புலம் அசையாமல் நிற்பதால் சுருளில் ஒன்றும் வராது. என் பெட்டியிலிருந்த டிசி பார்க்கிற டாங் டெஸ்டரைக் கொடுத்தேன், 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் காட்டியது. அதன் வாயில், இரண்டு இரும்புக் கொறடு சேருகிற இடைவெளியில், ஒரு ஹால் சிப் உட்கார்ந்திருக்கும். அசையாத புலத்தையும் அது பார்க்கும். விமானத்தில் நமக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் சின்ன விமானத்தில் பேட்டரியும், எல்லாக் கருவிக்கும் மின்சாரம் பிரிகிற பொதுப் பட்டையான பஸ்ஸும் டிசி.

அது எப்படிப் பார்க்கிறது என்பதற்கு நம் ஊர் ஆற்றையே சொல்லலாம். கொள்ளிடமோ குடமுருட்டியோ வளைந்து திரும்புகிற இடத்தில் வெள்ளக் காலத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் வெளிக்கரைப் பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் உள்கரைப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் ஓடும். ஓடுகிற தண்ணீரை வளைவு பக்கவாட்டில் தள்ளுகிறது, ஏறி நிற்கிற மட்டம் திருப்பித் தள்ளுகிறது, இரண்டும் சமமாகிற இடத்தில் சாய்வு நிற்கிறது. ஒரே வேகத்தில் வளைவு கூடினால் சாய்வும் கூடும். இதில் ஆற்றுக்குப் பதில் மெல்லிய தகட்டில் ஓடுகிற சிறு மின்னோட்டத்தையும், வளைவுக்குப் பதில் காந்தப்புலத்தையும், மட்ட வித்தியாசத்துக்குப் பதில் தகட்டின் இரண்டு ஓரத்துக்கும் நடுவில் வருகிற மின்னழுத்தத்தையும் வைத்தால் ஹால் விளைவு வந்துவிடும். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆய்வு மாணவர் தங்க இலையில் இதைக் கண்டுபிடித்தார். காந்தம் கம்பியைத்தான் தள்ளும், உள்ளே ஓடுகிற மின்னோட்டத்தை அல்ல என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதியிருந்ததைப் படித்து, அது சரியாகப் படவில்லையே என்று சோதித்துப் பார்த்தவர் அவர். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல். தள்ளப்படுவது எது என்று உலகத்துக்கே தெரியாத காலத்தில், தள்ளப்படுகிறது என்பதை மட்டும் அளந்து காட்டியிருக்கிறார்.

பிறகு ஏன் அது எழுபது வருடம் லேபுக்குள்ளேயே கிடந்தது? உலோகத்தில் அந்த மின்னழுத்தம் மிகக் கொஞ்சம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகட்டில் 1 ஆம்பியர் ஓடவிட்டு 1 டெஸ்லா புலத்தில் வைத்தாலும் ஒரு மைக்ரோவோல்ட்கூடத் தேறாது. செம்பில் எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் ஒவ்வொன்றும் மெதுவாக நகர்ந்தாலே போதுமான ஓட்டம் வந்துவிடும். வேகமில்லாத ஆற்றில் சாய்வு எங்கிருந்து வரும்? குறைக்கடத்தியில் கூட்டம் குறைவு, அதனால் வேகம் அதிகம், சாய்வும் அதிகம். 1950-களில் அந்தப் பொருள்கள் கைக்கு வந்த பிறகுதான் ஹால் சென்சார் கடையில் விற்கிற சாமானாக மாறியது.

சரி, ஷண்டுக்கு வருவோம். அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு குறுகலான தொண்டையைக் கட்டி, மேல்பக்க மட்டத்துக்கும் கீழ்பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தண்ணீரை அளக்கிற மாதிரிதான் ஷண்டும். 60 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்று போட்டிருந்தால் அதன் தடை 0.83 மில்லி ஓம், முழு ஓட்டத்தில் 3 வாட் சூடு. அவ்வளவுதான். சப்ளை வேண்டாம், சிப் வேண்டாம், காந்தம் பக்கத்தில் வந்தாலும் கவலையில்லை. பூஜ்ய ஆம்பியருக்குப் பூஜ்ய வோல்ட்தான் தரும், அதை யாராலும் மாற்ற முடியாது. ஹால் சென்சாரால் கொடுக்கவே முடியாத உத்தரவாதம் இது.

ஷண்டின் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தடிமனான கேபிளை வெட்டி, இரண்டு முனையிலும் லக் என்கிற ஓட்டையுள்ள உலோக முனையை அழுத்திப் பொருத்தி, போல்ட்டில் இறுக்க வேண்டும். விமானம் அதிரும்போது தளரக்கூடிய இடம் இரண்டு கூடிவிட்டது. மீட்டருக்குப் போகிற மெல்லிய கம்பிகள் இரண்டும் பேட்டரியின் பிளஸ்ஸோடு நேரடியாக ஒட்டியிருப்பவை. பாடி எல்லாம் எர்த். அந்த மெல்லிய கம்பி எங்காவது உரசித் தோல் போய்த் தகரத்தைத் தொட்டால், மீட்டரா தெரியும், புகைதான் தெரியும். ஷண்டின் தலையிலேயே, இரண்டு கம்பிக்கும் தனித்தனியாக, சின்ன ஃபியூஸ் வைத்திருக்கிறார்களா என்று உங்கள் விமானத்தில் இன்றே பாருங்கள். பல பழைய இணைப்புகளில் இருக்காது.

ஹால் வளையத்தின் பெரிய லாபம் இதில்தான். கேபிளை வெட்ட வேண்டாம். ஒரு பக்கத்து லக்கைக் கழற்றி, தோலோடு ஓட்டைக்குள் நுழைத்து, திரும்ப மாட்டினால் போதும். மீட்டர் பக்கத்துக் கம்பிகளுக்கும் பேட்டரிக்கும் ஒட்டு உறவு கிடையாது. சென்சார் செத்தாலும் மின்சாரம் தடைபடாது, எண் மட்டும் தொலையும்.

ஆனால் நீங்கள் முதலில் வாங்கிய போர்டில் மீட்டர் கம்பி பேட்டரியோடு ஒட்டாது என்பதைத் தவிர இந்த லாபம் எதுவும் இல்லை. ஏசிஎஸ்712-இல் ஓட்டம் சிப்பின் கால்கள் வழியாகவே போகிறது. உள்ளே 1.2 மில்லி ஓம். 30 ஆம்பியரில் 1 வாட்டுக்கு மேல் சூடு, அரிசி மணி கணக்கில் இருக்கிற சிப்புக்குள். அதைவிட மோசம் போர்டில் இருக்கிற ஸ்க்ரூ டெர்மினல். 30 ஆம்பியரை அதில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு விரல் வைத்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும். ஷண்டை விட அதிக இணைப்பு, அதிக தடை, குறைந்த உறுதி. மேசையில் பாடம் படிக்க நல்ல சாமான், ஆல்டர்னேட்டர் வரிசையில் போடக் கூடாது. ஒரு சின்ன விளக்குக்கோ ரேடியோவுக்கோ தனியாக அளக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 0.8 ஆம்பியர். நீங்கள் அனுப்பிய படத்தில் ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி போர்டு, வோல்ட்டை எண்ணாக மாற்றித் தருவது, தெரிகிறது. விடை அதில்தான் இருக்கிறது. ஏசிஎஸ்712 தன் சப்ளையின் சரிபாதியைப் பூஜ்யம் என்று சொல்லும். 5.00 வோல்ட் கொடுத்தால் 2.50. உங்கள் புரோகிராமில் பூஜ்யம் என்றால் 2.50 என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். லேபில் நல்ல பவர் சப்ளை, சரியாக வந்தது. விமானத்தில் யூஎஸ்பி சார்ஜரிலிருந்து எடுத்தீர்கள். அது 5.1 கொடுத்தால் பூஜ்யம் 2.55-க்குப் போய்விடும். 30 ஆம்பியர் சிப் ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் தரும். 50-ஐ 66-ஆல் வகுத்தால் 0.76. உங்கள் 0.8 அதுதான். புரோகிராம் ஓடுகிற ஆர்டுயினோ போர்டின் சொந்த ஏடிசியிலேயே படித்திருந்தால், அதற்கும் அதே 5 வோல்ட்தான் அளவுகோல் என்பதால் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கி, தப்பு தானாகக் கழிந்திருக்கும். ஏடிஎஸ்1115-க்குத் தனி அளவுகோல் உள்ளேயே இருக்கிறது. நல்ல ஏடிசி வாங்கிப் போட்டதால் வந்த வினை.

வழி சுலபம். அந்த ஏடிசியில் நான்கு வாசல் இருக்கிறது. ஒன்றில் சென்சாரின் வெளியீடு, இன்னொன்றில் சென்சாருக்குப் போகிற 5 வோல்ட். இரண்டையும் படித்து விகிதம் எடுங்கள். பூஜ்யம் என்பது 2.50 வோல்ட் அல்ல, விகிதம் 0.500. சிப்பின் உணர்திறனும் சப்ளையோடு சேர்ந்தே மாறுவதால் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அதுவும் சரியாகிவிடும். இரண்டு வரி கோடு.

மதியத்தில் ஏறுவது சூட்டால். நிழல் இல்லாத இடத்தில் நிற்கிற விமானத்தின் பேனலுக்குப் பின்னால் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாது. எஞ்சின் பக்கம், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற ஃபயர்வால் தடுப்புக்கு முன்னால், அதைவிட மோசம். ஹால் தகடு, அதன் பின்னாலிருக்கிற ஆம்ப்ளிஃபையர் இரண்டுமே வெப்பத்தோடு கொஞ்சம் நகரும். நல்ல சிப்களில் உள்ளேயே சரிக்கட்டியிருப்பார்கள், ஆனால் முழுதாக அல்ல. என் வழி இது: சென்சாரை ஃபயர்வாலுக்குக் கேபின் பக்கம் வை, மாஸ்டர் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் சென்சாருக்கு மட்டும் சப்ளை கொடுத்து அப்போதைய பூஜ்யத்தைப் பதிந்துகொள். 'காலிபரேஷன் வேண்டாம்' என்று சொன்னவர் சென்சார் விற்பவராக இருப்பார்.

வளைய சென்சாரில் உங்களுக்கு வந்தது வேறு வியாதி. என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, பெயர் எதற்கு, ஒரு ஹேங்கரில் ஒரு பயிற்சி விமானத்துக்கு நான் இதே மாதிரி வளையம் மாட்டினேன். தரையில் சோதித்துப் பார்க்கத்தான். மறுநாள் சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்த பிறகு 4 ஆம்பியர் டிஸ்சார்ஜ் காட்டியது. எங்கேயோ லீக் என்று முடிவு கட்டி, சர்க்யூட் பிரேக்கரை ஒவ்வொன்றாக இழுத்தேன். 4 ஆம்பியர். ரேடியோக்களை ரேக்கிலிருந்து உருவினேன். 4 ஆம்பியர். கொசு கடித்துப் பிடுங்குகிறது, மணி ஒன்பது. கடைசியில் பேட்டரியின் மைனஸ்ஸையே கழற்றி ஓரமாக வைத்தேன். அப்போதும் 4 ஆம்பியர். பேட்டரியே இல்லாத விமானத்தில் 4 ஆம்பியர் எங்கிருந்து ஓடும்? அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஹெல்பர் மெதுவாக, 'சார், கம்பியையும் உருவிப் பாக்கலாமா' என்றார். கேபிளை வளையத்திலிருந்து உருவினோம். காலி ஓட்டையோடு அது இன்னும் 4 ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்தது.

இரும்பு வளையத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் முதல் கணத்தில் 200 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். 100 ஆம்பியருக்குச் செய்த வளையத்தின் வழியே அது பாய்ந்தால் வளையம் காந்தமாகி, ஓட்டம் நின்ற பிறகும் கொஞ்சத்தை வைத்துக்கொள்ளும். சென்சார் பொய் சொல்லவில்லை, புலம் நிஜமாகவே இருந்தது. படக்குழாய் வைத்த பழைய கலர் டிவியை, அரசு இலவசமாகக் கொடுத்ததே அதைத்தான், ஆன் பண்ணும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், நினைவிருக்கிறதா? உங்கள் வயதுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரையின் முகமூடித் தகட்டில் ஒட்டின காந்தத்தைக் கழற்றுகிற சுருள் அது. உங்கள் வளையத்துக்கும் அதே வைத்தியம்தான்: வளையத்தில் சில சுற்றுக் கம்பி போட்டு, சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிற குறைந்த வோல்ட் ஏசியை, நடுவில் தடையோ பல்போ வைத்து ஓடவிட்டு, மெதுவாகக் குறைத்துக்கொண்டே பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டு 230 வோல்ட்டை நேராகத் தொட வேண்டாம், சொல்லிவிட்டேன்.

ஒட்டின காந்தத்தை ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. ஸ்டார்ட்டர் ஓட்டம் போகாத கம்பியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. சின்ன விமானத்தின் வயரிங் படத்தை எடுத்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பேட்டரி கான்டாக்டர் (பெரிய ஓட்டத்தைப் போட்டு அணைக்கிற மின்காந்த சுவிட்ச்), அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் ஸ்டார்ட்டர் கான்டாக்டருக்கு, இன்னொரு கொஞ்சம் மெல்லிய கம்பி மெயின் பஸ்ஸுக்கு. ஆல்டர்னேட்டர் தனியாக வந்து பஸ்ஸில் சேரும். பழைய மீட்டரின் ஷண்ட் பெரும்பாலும் பேட்டரி கான்டாக்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டாவது கம்பியில்தான் இருக்கும். அதை அங்கே வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். உங்கள் வளையத்தையும் அதே கம்பிக்குக் கொண்டுபோங்கள். ஸ்டார்ட்டர் இழுப்பது வேறு வழியாகப் போய்விடும்.

அங்கே வைத்தால் இரண்டு பக்கமும் காட்டும். பேட்டரி சார்ஜ் ஆனால் பிளஸ், பேட்டரியிலிருந்து எடுத்தால் மைனஸ். சென்சாரின் மேல் அம்புக்குறி இருக்கும், எந்தப் பக்கம் பிளஸ் என்று முடிவு பண்ணி, பெயின்டால் கம்பியிலும் ஒரு குறி போட்டுவிடுங்கள். ஆல்டர்னேட்டர் கம்பியில் வைத்தால் வேறு கதை: ஆல்டர்னேட்டர் எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும், ஒரு பக்கம் மட்டும்தான் போகும். ஆல்டர்னேட்டர் செத்தால் முதல் மீட்டர் மைனஸுக்குப் போய் முகத்தில் அறையும், இரண்டாவது பூஜ்யத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவர் பார்வையில் முதலாவதே மேல் என்பது என் கட்சி. வேறு மாதிரி சொல்கிற மெக்கானிக்குகளும் உண்டு, அவர்களோடு டீக்கடையில் நிறைய சண்டை போட்டிருக்கிறேன்.

வளையத்தால் மட்டும் முடிகிற ஒரு வித்தை இருக்கிறது. பேட்டரியிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற கம்பி, ஆல்டர்னேட்டரிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற கம்பி, இரண்டையும் ஒரே திசையில் ஒரே ஓட்டையில் நுழையுங்கள். இரண்டு புலமும் கூடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது அந்த ஓட்டம் எதிர்த்திசையில் போவதால் தானாகக் கழிந்துவிடும். மிச்சம் நிற்பது விமானத்தின் மொத்த லோடு. ஒரு ஷண்டால் இந்தக் கூட்டல் கழித்தல் வராது. இதே காரணத்தால்தான், போகிற கம்பியையும் திரும்புகிற கம்பியையும் தெரியாமல் சேர்த்து நுழைத்துவிட்டால் பூஜ்யம் காட்டும். போர் மோட்டாரின் மூன்று ஃபேஸையும் ஒன்றாகக் கவ்வினால் டாங் டெஸ்டர் பூஜ்யம் காட்டுகிறதே, அதே கணக்கு.

காலிபரேஷனுக்குப் பெரிய சப்ளை வேண்டாம். நான் திண்ணையில் செய்வதைச் சொல்கிறேன். டிராக்டர் பேட்டரி ஒன்று, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று. 4.5 ஆம்பியர் சுமாருக்கு ஓடும். சரியான எண்ணுக்கு வரிசையில் ஒரு நல்ல மல்டிமீட்டர், 10 ஆம்பியர் டிசி ரேஞ்சில். அந்தக் கம்பியை வளையத்துக்குள் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். கம்பியில் ஓடுவது 4.5 என்றாலும் வளையத்துக்கு அது 45. ஓட்டைக்குள் எத்தனை முறை கம்பி போகிறது என்பதுதான் கணக்கு, வெளியே எத்தனை வளைவு என்பதல்ல. முதலில் பூஜ்யம் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் 45, அப்புறம் கம்பியைத் திருப்பி மாட்டி மைனஸ் 45, கடைசியில் மறுபடி பூஜ்யம். முதல் பூஜ்யமும் கடைசிப் பூஜ்யமும் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் வளையத்தின் ஞாபகசக்தி. அந்த நேரத்தில் காந்த முனை ஸ்க்ரூடிரைவரைச் சென்சார் பக்கம் வைக்காதீர்கள். ஒருமுறை வைத்தும் பாருங்கள், எண் துள்ளுவதைப் பார்த்தால் மறக்காது.

பூமியின் காந்தம் தொல்லை தருமா என்று யாராவது கேட்பார்கள். நம் பக்கம் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள வளையத்தில் 100 ஆம்பியர் ஓடினால் இடைவெளியில் 60 மில்லிடெஸ்லாவுக்கு மேல் வரும், ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. கவலையில்லை. இரும்பு வளையமே இல்லாமல் கம்பிக்குப் பக்கத்தில் வெறும் சிப்பை ஒட்டி அளப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

நேர்மாறான கவலை ஒன்று உண்டு, அது முக்கியம். உங்கள் கம்பி திசைகாட்டியைக் கெடுக்கும். உலோக பாடியில் மைனஸ் உடம்பு வழியாகத் திரும்புவதால் பிளஸ் கம்பியின் புலத்தைக் கழிக்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. சென்சாரைப் பேனலில் அழகாக வைக்க வேண்டும் என்று தடித்த கம்பியைத் திசைகாட்டிக்கு 30 சென்டிமீட்டர் பக்கத்தில் இழுத்துவந்தால், 10 ஆம்பியருக்கே 6.7 மைக்ரோடெஸ்லா. அது குறுக்காக விழுந்தால் முள் 9 டிகிரிக்கு மேல் திரும்பும். காந்த நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமைப் பக்கமாகப் போகிறது. அங்கே புவிகாந்த ஆய்வு மையம் வைத்திருப்பதே அதனால்தான். அதனால் இங்கே பூமியின் புலம் ஏறத்தாழ படுத்தே கிடக்கிறது, முள் தலைசாயாமல் வேலை செய்ய உலகத்திலேயே நல்ல இடங்களில் ஒன்று. அதை நாமே கெடுப்பானேன்? சென்சார் கம்பியிடம் போகட்டும், கம்பி சென்சாரிடம் வர வேண்டாம்.

எண் துள்ளுகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆல்டர்னேட்டர் தருவது வழுவழுப்பான டிசி அல்ல. 12 துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் ஒரு ஃபேஸுக்கு 600 ஹெர்ட்ஸ், அதை டிசியாக்குகிற ஆறு டயோடும் சேர்ந்து 3,600 மேடு பள்ளம் ஒரு விநாடிக்கு. நீங்கள் விநாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் சில நேரம் மேட்டையும் சில நேரம் பள்ளத்தையும் பார்ப்பீர்கள். 10 கிலோ ஓம் தடையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டு வடிகட்டுங்கள், அதற்கு மேல் சராசரியும் எடுங்கள். ஆனால் வடிகட்டுவதற்கு முன்னால், வெளியீட்டை, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஒரு ஆசிலாஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஏடிசி விநாடிக்கு 860 முறைக்கு மேல் படிக்காது, அதனால் ஸ்கோப்தான் வேண்டும். ஆறு டயோடில் ஒன்று போயிருந்தால் சீரான மேடு பள்ளத்துக்கு நடுவில் 600 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய பள்ளம் விழும். முள் மீட்டர் இதைக் காட்டாது, பைலட்டுக்கும் தெரியாது, ரேடியோவில் ஒரு ஊளைச் சத்தம் கேட்டால் உண்டு. என்னைக் கேட்டால் உங்கள் புராஜெக்டின் சுவாரசியமே இதுதான். ஆம்பியரைத் திரையில் காட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள். டயோடு செத்ததைக் காட்டினால் நான் கிளம்பி வந்து பார்க்கிறேன்.

வயலில் மருந்தடிக்கிற ட்ரோனிலும் இதே வேலைதான், ஓட்டம்தான் பெரியது. 10 லிட்டர் மருந்தோடு கிளம்பி, தெளிக்கத் தெளிக்க 10 கிலோ குறையும்போது ஆம்பியர் இறங்கிக்கொண்டே வருவது பதிவில் தெரியும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் நாசில் அடைத்திருக்கிறது, அல்லது சென்சார் தூங்குகிறது. அதில் ஸ்டார்ட்டர் இல்லை, திசைகாட்டி உண்டு, அதுவும் பேட்டரிக் கம்பிக்கு வெகு பக்கத்தில். அதனால்தான் அதைக் கம்பு மாதிரி தூக்கி உயரத்தில் வைத்திருப்பார்கள்.

விலை கூடின ஒரு வகையும் இருக்கிறது, மூடிய சுற்று என்பார்கள். வளையத்தில் ஒரு சுருளைச் சுற்றி, உள்ளே வருகிற புலத்தை எதிர்ப்புலத்தால் எப்போதும் பூஜ்யமாக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அளவாகச் சொல்லும். ஆயிரம் சுற்றென்றால் 50 ஆம்பியருக்கு 50 மில்லிஆம்பியர். இரும்பில் புலமே நிற்காததால் ஞாபகசக்தியும் வெப்ப நகர்வும் குறைவு. உங்களுக்கு அது தேவையில்லை. பூஜ்யம் பதிவதை ஒழுங்காகச் செய்தால் சாதா வளையமே ஒரு ஆம்பியருக்குள் நிற்கும், விமானத்தில் அதற்கு மேல் துல்லியம் எவருக்கும் உதவாது.

ஷண்டைக் கழற்றாதீர்கள். இரண்டும் ஒரே கம்பியில் இருக்கட்டும், ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம். பக்கத்தில் ஒரு வோல்ட்மீட்டர் வாசலும் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டைச் சுற்றி நின்றால் ஆல்டர்னேட்டர் உயிரோடு இருக்கிறது, 12.6-க்குக் கீழே போனால் இல்லை. ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம் என்றால் நான் ஆம்மீட்டரை விட்டுவிட்டு அதைத்தான் வைப்பேன். உங்கள் விமானம் இனிப் பறக்காது என்பதால் இவ்வளவு சுதந்திரமாகச் சொல்கிறேன். பறக்கிற விமானத்தில், சான்றிதழ் உள்ள வகையில், இந்த மாதிரி ஒரு வளையத்தை நுழைப்பதுகூட மாற்றம்தான், விமானங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ ஏற்றுக்கொண்ட வழியில், உரிமம் உள்ளவர் கையெழுத்தோடு மட்டுமே செய்ய வேண்டும். 'கம்பியை வெட்டவேயில்லையே' என்பது அங்கே செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறும் முன் செய்யுங்கள். வளையத்திலிருந்து கம்பியை உருவி, காலி ஓட்டையோடு என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு காந்தத்தைக் கழற்றி மறுபடி பாருங்கள். அதன் பிறகு பஸ் கம்பியில் மாட்டி, ஸ்டார்ட் பண்ணி அணைத்து, மூன்றாவது முறை பாருங்கள். அந்த மூன்று எண்ணையும், சென்சாருக்குப் போன சப்ளை வோல்ட்டையும் எழுதி அனுப்புங்கள். மூன்றாவதும் இரண்டாவதும் கால் ஆம்பியருக்குள் ஒத்துப்போனால் நான் பார்க்க ஒன்றுமில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் வயரிங் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஸ்டார்ட்டர் கேபிள் நாம் நினைத்த வழியில் போகவில்லை என்று அர்த்தம்.